பூட்டிய வீட்டுக்குச் சராசரி

மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. வீடு பூட்டியிருந்தால் வெறுங்கையோடு திரும்பாதே. போன தடவை எவ்வளவு, அதற்கு முந்தின தடவை எவ்வளவு என்று பார்த்து, ஒரு சராசரியை எழுதிவிட்டு அடுத்த வாசலுக்கு நட. ஆனால் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் சராசரி போடக் கூடாது. நாலாவது தடவை யார் காலில் விழுந்தாவது கதவைத் திறக்கவைத்து, மீட்டரில் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பத்தொன்பது வருடமாக இந்த விதியை ஒரு நாளும் மீறாதவள் என்று அலுவலகத்தில் பேர் வாங்கியவள் ரீடிங்கக்கா. அப்பா அம்மா வைத்த பேரும் அவளுக்கு உண்டு. தெருக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. அவளும் பதிலுக்கு வீடுகளுக்குத் தானே பேர் வைத்துக்கொண்டாள். கடிக்கிற நாய் வீடு, கடிக்காத நாய் வீடு, இருமல் வீடு, ‘யாரு’ வீடு. கடைசியாகச் சொன்ன வீட்டில், பத்தொன்பது வருடமாகத் தட்டுகிற கையைத் தெரிந்திருந்தும், உள்ளேயிருந்து ஏதோ திருடன் வந்ததுபோல “யாரு?” என்றுதான் குரல் வரும்.

இப்போது அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு கதவு பூட்டிக்கிடந்தது. அதற்குள் அவளுடைய ஒரே மகன் இருந்தான். வயது இருபத்துமூன்று.

ஏழு மாதத்துக்கு முன்னால், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், “நடந்து போனா நனைஞ்சிடுவீங்கப்பா, வாங்க” என்று அவன்தான் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். திருப்பத்தில் ஒரு லாரி. மகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பா மூன்று நாள் மூச்சை வைத்துக்கொண்டிருந்துவிட்டு நாலாம் நாள் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி நடையில் அந்தச் செய்தி வந்த நிமிடத்தில், ரீடிங்கக்கா மகனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உன்னை யாருடா வண்டியை எடுக்கச் சொன்னது?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆயிரம் ஆறுதல் சொல்லியிருக்கிறாள். விட்ட வார்த்தையைக் கூட்டி அள்ள முடிகிறதா? இந்தக் கேள்வியைத் தான் கேட்டதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. எந்த டாக்டரிடமும், எந்த ஆலோசகரிடமும் சொன்னதில்லை. ‘அவங்கப்பா போனதிலேர்ந்து இப்படித்தான் இருக்கான்’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

முதலில் மாத்திரை டாக்டர். நாலு நிமிடம் பார்த்தார், மூன்று வகை எழுதினார். மாத்திரையைக் குறை சொல்வதற்கில்லை. அதைச் சாப்பிட்டால்தானே அது வேலை செய்யும்? ஒரு வாரம் விழுங்கினான், மறுவாரம் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு ஒரு அம்மாள். வெள்ளைச் சுவர், இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம். அவர் வழி என்னவென்றால், வந்தவர் தானாகப் பேசும்வரை தான் பேசுவதில்லை. ‘அவன் மௌனத்துக்கு இடம் கொடுக்கணும்’ என்றார். மகனோ ஏற்கெனவே மௌனத்துக்கு வீட்டையே கொடுத்திருந்தான். ஐம்பது நிமிடம் அவர் இவனைப் பார்ப்பார், இவன் கடிகாரத்தைப் பார்ப்பான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரீடிங்கக்காவுக்குக் கதவை உடைத்துக்கொண்டு போய் இருவரையும் உலுக்கலாமா என்றிருக்கும். ஆறு தடவை போனார்கள். ஆறாவது தடவை மகன் வாயைத் திறந்து, “மணி ஆச்சு” என்றான். அந்த அம்மாள் அதையே முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டார்.

அடுத்தவர் நாற்காலிக்காரர். அறை நடுவில் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு, “இதுல உங்கப்பா உக்காந்திருக்கார்னு வெச்சுக்கோ. சொல்லாம விட்டதையெல்லாம் சொல்லு” என்றார். இந்த வழியால் எத்தனையோ பேர் அழுது தீர்த்துக் குணமாகியிருக்கிறார்கள் என்றும் சொன்னார், உண்மையாகவும் இருக்கும். மகன் அந்த நாற்காலியை வெகு நேரம் பார்த்தான். எழுந்து போய், ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு அதைத் தள்ளிப் போட்டான். அப்பாவுக்கு முகத்தில் வெயில் பட்டால் பிடிக்காது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் காலை, துணி உலர்த்தப் போன கீழ்வீட்டுக்காரி போட்ட கூச்சலில் கட்டடமே மேலே ஓடியது. மகன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கூச்சலைக் கேட்டுத் தானாகவே இந்தப் பக்கம் ஏறி வந்து, “சும்மாதான் நின்னேன்” என்றான். ரீடிங்கக்காவுக்குப் பாதி உயிர் அங்கேயே போயிற்று. மீதி உயிரை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை நடமாடுகிறாள்.

அன்று முதல் மாடிக் கதவுச் சாவி அவள் கழுத்தில், வேலைக்கான அடையாள அட்டையோடு ஒரே கயிற்றில் தொங்கியது. அவர்கள் குடியிருப்பது மேல்தளம் என்பதால் அந்தச் சாவியை வைத்துக்கொள்வது எப்போதும் அவர்கள் பொறுப்புதான். ஹாலில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். இப்போது துணி உலர்த்த வேண்டுமென்றால் கட்டடமே அவள் வேலை முடிந்து வரும்வரை ஈரத் துணியோடு காத்திருந்தது. முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

நாலாவதாகக் கிடைத்தவர்தான் பச்சை மைக்காரர். அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆலோசனை மையம், ஒரே ஓர் ஆலோசகர், வராந்தா கொள்ளாத கூட்டம். மகன் மாடியில் நின்றதையும் சாவியையும் பற்றி முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் வழி எழுத்து வழி. மகனிடம், “வாயைத் திறக்க வேணாம்ப்பா, பேனாவைத் திறந்தா போதும்” என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதில் நாலு கட்டம். என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, எப்படி இருந்தது, அந்த வேதனை நூற்றுக்கு எவ்வளவு. வாரம் முழுக்க எழுதி வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும். அவர் படித்துவிட்டு ஓரத்தில் பச்சை மையில் பதில் எழுதுவார். ‘நான் கொன்னுட்டேன்’ என்று மனசு சொன்னால், அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று வக்கீல் மாதிரி கேட்டு எழுதுவார்.

முதல் வாரம் மகன் மூன்று வரி எழுதினான். எண்கள் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூறு. இரண்டாவது வாரம் வெறும் தாளோடு வந்து உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வாரம் அறையை விட்டே வரவில்லை. பச்சை மைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வரலைன்னாலும் பரவால்லம்மா, எழுதினதை நீங்க கொண்டு வாங்க. ஆனா ரெண்டு வாரம் தாளே வரலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. என் கையில இல்ல. வெளியில பாக்கறீங்கல்ல, எத்தனை பேருன்னு.”

ரீடிங்கக்கா வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதவும் மூடிவிட்டால் தட்டுவதற்கு வேறு கதவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மகன் அறை வாசலில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், வெறும் தாள் கிடந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தாள். போன தடவை எவ்வளவு, முந்தின தடவை எவ்வளவு? கை பழகிய கை. கொஞ்சம் குறைத்து எண்பத்தெட்டு என்று போட்டாள்.

எண்ணை மட்டும் போட்டால் போதாதே, மற்றக் கட்டங்களையும் நிரப்ப வேண்டுமே. மகனைப் போல எழுத்தைச் சாய்த்து, ஏழுக்குக் குறுக்குக்கோடு போட்டு எழுதினாள். ‘மழை பெய்தது. வண்டி ஞாபகம் வந்தது.’ ‘வாசலில் அப்பா செருப்பு இருந்தது.’ மூன்றாவது வரிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுதினாள்: ‘ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் கேள்வி.’

மறுநாள் வியாழன் பச்சை மையில் பதில் வந்தது. ‘அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அந்த நிமிடத்தில் வேறு வார்த்தை கிடைத்திருக்காது. அவரைக் கொஞ்ச நேரம் மன்னித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் திரும்பக் கோபப்பட்டுக்கொள்ளலாம்.’

பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படித்தவள், பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தி தோளைப் பிடித்துக்கொள்ளும்படி அழுதுவிட்டாள்.

பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு புதனும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே எழுதினாள், ஒவ்வொரு வியாழனும் பச்சை மைக்காக ஓடினாள். எண்பத்தைந்து, எண்பது, எழுபத்திரண்டு. மீட்டர் எண் திடீரென்று குதிக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும் என்கிற தொழில் புத்தி அவளுக்கு இருந்தது. மகன் பேரில் மருந்தை வாங்கித் தான் குடித்த கதைதான் இது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் குடித்த மருந்து அவன் வயிற்றுக்கு எப்படிப் போய்ச் சேரும்? இது அவளுக்கும் தெரியும். தாள்களை ஹால் அலமாரியில், மடித்த போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

“ஒரு தடவை பையனை நேர்ல பாக்கணும்மா” என்று பச்சை மைக்காரர் கேட்காமலில்லை. “காலையில ஒரு வேலைக்குப் போறான் சார், லீவு தர மாட்டேங்கறாங்க” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். வேலைக்குப் போகிறானா! அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து இவளுக்கும் உண்மையிலேயே சந்தோஷம் வந்ததுதான் கொடுமை.

ஒன்பதாவது வாரம் நாற்பது என்று போட்டாள். பச்சை மை சொன்னது: ‘வெகுதூரம் வந்துவிட்டீர்கள். இனி மாதம் ஒருமுறை போதும். பூட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். மாடிச் சாவியை அம்மா பழைய இடத்திலேயே மாட்டட்டும்.’

இங்கேதான் அவளைப் பிடித்து நாலு அறை அறையலாம்போல எனக்கு வருகிறது. அந்த நாற்பது, அவள் கையால் அவளே போட்ட நாற்பது. ஆனால் படித்தவர் ஒருவர் பச்சை மையில் ஒப்புக்கொண்ட பிறகு, அது நிஜ எண்போலவே அவளுக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அன்று தட்டில் சாப்பாடு வழக்கத்தைவிடக் குறைவாக மிஞ்சியிருந்தது. குளித்த ஈரம் பாத்ரூமில் இருந்தது. பார்க்கப்போனால் நாற்பதாகக்கூட இருக்கலாமே? நம்பிக்கைப் பஞ்சத்தில் கிடப்பவளுக்கு ஒரு பருக்கை போதும். கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணி வெயிலில் இருமல் வீட்டு வாசலுக்கு வந்தாள். மூன்று சுற்றாகப் பூட்டிக்கிடந்த வீடு; மூன்று சுற்றாகச் சராசரி. இன்று கதவு திறந்திருந்தது. இருமல்காரப் பெரியவரின் மருமகன் வந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். “மாமா எங்ககூடத்தான் இருக்கார். இந்த வீட்டை வாடகைக்கு விடலாம்னு” என்றார்.

ரீடிங்கக்கா மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் எழுதிவைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு ஓடியிருந்தது.

“வீட்டுல யாருமே இல்லையே சார்?”

“அதை ஏன் கேக்கறீங்க? பின்னறையில ஹீட்டரை அணைக்காமப் போயிட்டார் மனுஷன். உள்ள போனா அனல் அடிக்குது. நல்ல வேளை எதுவும் பத்திக்கலை. நீங்க மாசாமாசம் வர்றீங்களே, உங்களுக்குத் தெரியலையா?”

“வெளியிலேர்ந்து பார்த்தா அமைதியாத்தான் சார் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஆணியில் மாட்டிய சாவி ஞாபகம் வந்தது. பேனா கீழே விழுந்தது. எடுக்கவில்லை. மருமகன் “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டதும் காதில் ஏறவில்லை. நாலு தெருவை எப்படிக் கடந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கடிக்கிற நாய்கூட அன்று ஒதுங்கி நின்று பார்த்தது.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மகன் அறை திறந்திருந்தது. ஏழு மாதமாக எந்தக் கதவு திறக்காதா என்று ஏங்கினாளோ, அந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு அலறல் வந்தது. ஹால் அலமாரிப் போர்வைகள் தரையில் கிடந்தன. ஆணியில் சாவி இல்லை.

மாடியில் அவன் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வெளிப்பக்கம். மடியில் ஒன்பது தாள்கள். தாடியும் தலைமுடியுமாய், வெயிலைப் பார்த்து வெகுநாளான வெளிறிய முகமாய், அவள் பெற்ற பிள்ளை.

“கிட்ட வராதம்மா.”

நின்றுவிட்டாள். பத்தடி தூரம். ஓடிப் பிடிக்கலாம் என்றது கால்; அசைந்தால் போய்விடுவான் என்றது நெஞ்சு. ஏழு மாதமாக வாசல் பெஞ்சுகளில் உட்கார்ந்து பொறுக்கிய வழிகளெல்லாம் தலைக்குள் முட்டி மோதின. மௌனத்துக்கு இடம் கொடுப்பதா? இந்த மௌனத்துக்கு இடம் கொடுத்தால் பிள்ளை மிஞ்ச மாட்டான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் பேசு என்பதா? கூப்பிடாமலே அவரிடம் போகத்தானே உட்கார்ந்திருக்கிறான். சாட்சி, எதிர்ச்சாட்சி? வாதாட அவளுக்கு நாக்கு எழவில்லை.

அவன்தான் பேசினான். பேசிப் பழக்கம் விட்டுப்போன கரகரத்த குரல்.

“நாப்பதுன்னு எழுதியிருக்கே.”

“ஆமாண்டா.”

“சரியாயிட்டேன்னு நீயாவே முடிவு பண்ணிட்டே. அவரும் பச்சையில எழுதிட்டார். இனிமே நான் போய் யார்கிட்ட என்னன்னு சொல்றது?”

“ஃபைலை மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன் கண்ணா.”

“ஒன்பது வாரம்மா. ஒரு தடவை கதவைத் தட்டி, எவ்வளவுடான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

தட்டாமலா இருந்தாள்? சாப்பிடு என்று தட்டினாள், குளி என்று தட்டினாள், பயத்தில் சும்மாவும் தட்டினாள். எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். சொன்னால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வாள்? அந்தப் பயம்தான்.

அவள் இருந்த இடத்திலேயே, சுடுகிற தரையில் உட்கார்ந்தாள்.

“இப்பக் கேக்கறேன். எவ்வளவு?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“தொண்ணூத்தெட்டு.”

‘அப்படியெல்லாம் இல்லடா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான். பையைத் துழாவினாள், பேனா இருமல் வீட்டிலேயே விழுந்து கிடந்தது. கண்மை பென்சில் ஒன்று கிடைத்தது, பழையது. ஒரு வெற்றுத் தாளை எடுத்து, எழுத்தைச் சாய்க்காமல், தன் சொந்தக் கையெழுத்தில் எழுதினாள். தொண்ணூற்றெட்டு.

“ரெண்டு குறையுதே. அது எதுக்கு?”

அவன் மடியிலிருந்த தாள்களை விரலால் தடவினான்.

“ஆஸ்பத்திரியில கேட்டது. அதை நீ வாராவாரம் எழுதியிருக்கே. எனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன்.” குரல் உடைந்தது. “அதுக்கு ரெண்டு.”

ரீடிங்கக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை விரல் இடுக்கில் வழிந்தது. “நான் கேட்டிருக்கக் கூடாதுடா. பாவி, நான் கேட்டிருக்கவே கூடாது. தப்புடா, என் தப்பு.”

“உனக்கு எவ்வளவும்மா?”

அவளை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவளும் பார்த்ததில்லை. உட்கார்ந்தபடியே பார்த்துச் சொன்னாள். “தொண்ணூறுக்குக் குறையாது.”

அவன் தலையாட்டினான். ஒரு கால் உள்பக்கம் வந்தது. மற்றக் கால் வர இன்னும் நேரமாயிற்று. முதுகு வெயிலில் தீய்ந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை, வா என்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் எடுக்கவில்லை. இரண்டாவது காலும் தரையில் பட்ட பிறகுதான் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டும்போதும் அந்தப் பிடியை விடவில்லை.

வியாழக்கிழமை இல்லை, டோக்கன் இல்லை, ஆலோசனை மைய வராந்தாவில் வழக்கமான கூட்டம். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். மகன் சட்டையைப் பிடித்த கையோடு அவள் நேராக உள்ளே போனாள். பச்சை மைக்காரர் நிமிர்ந்து, இளைத்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து நிற்கும் பையனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அவள் முதலில் ஒன்பது தாள்களை மேஜையில் வைத்தாள்.

“இதெல்லாம் நான் எழுதினது சார். நீங்க பதில் சொன்னதெல்லாம் எனக்குத்தான்.”

பிறகு கண்மை பென்சிலால் ஒரே ஓர் எண் எழுதிய தாளை அதன்மேல் வைத்தாள்.

“இதுதான் அவனுது. இதை இப்பவே பாருங்க.”